பூஜ்யத்துக்குக் கீழே

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கெய்ன்ஸ் துறைமுகத்தில், கரையேற்றி நிறுத்தியிருந்த ஒரு பாரப்படகின் அடியில். மாவும் அரிசியும் டீசலும் ஏற்றிக்கொண்டு வடக்கே டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போகிற படகு. அதன் வயிற்றில் ஒரு ஆள் நீளத்துக்குப் பெயின்ட் உரிந்து இரும்பு பளபளத்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்தப் படகில் எத்தனையோ வருடமாகச் சுமை ஏற்றுகிறேன். அதில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

படகோட்டி எலியா என் பக்கத்தில் வந்து நின்று, பவளப்பாறை உரசிவிட்டது என்றான். அவன் அந்தத் தண்ணீரில் பிறந்தவன். அவனையா பாறை உரசும் என்று கேட்டேன். தப்பு தன்மேல் இல்லை, ஒரு வகுத்தல் கணக்கின்மேல் என்றான்.

"அந்தக் கணக்கைப் பாத்துக்கிற மெரிடித்தைப் போய்க் கேளு. என்னைவிட அவதான் நடுங்கிக்கிட்டிருக்கா."

கேட்டேன். கேட்டதிலிருந்து எனக்கும் நடுக்கம் நிற்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மெரிடித் ஹாலோரன் ஒரு அழகிய காலைப்பொழுதில் தன் கணினியின் முன்

அடித்துவிட்டேன். அழகு ஒன்றும் இல்லை. மழைக்காலம், புழுக்கம், மின்விசிறி கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று:

உலகில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கணினி நிரல் இருந்தது.

இது பரவாயில்லை. நிற்கட்டும். (ஆனால் ‘யாருக்கும் சொந்தமில்லாத’ என்பது சரியா? எல்லோருக்கும் சொந்தம் என்று அதை எழுதியவர்கள் சொல்வார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், காசு கிடையாது, கேட்கவும் வேண்டாம். எடுத்துப் போனவன் எவன், எங்கே மாட்டியிருக்கிறான் என்று எழுதியவர்களுக்கே தெரியாது. இந்த அடைப்புக்குறியை மறந்துவிடாதீர்கள். கதை முழுக்க இதற்குள்தான் இருக்கிறது.)

அந்த நிரல் தீவுகளின் இறங்குதுறைகளில் ஒரு சின்னப் பெட்டிக்குள் ஓடுகிறது. கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது, எவ்வளவு வற்றியிருக்கிறது என்று ஒரு பலகையில் எண் காட்டும். எண்ணைப் பார்த்துப் படகுக்காரன் பாறைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு வழியில் நுழையலாமா, காத்திருக்கலாமா என்று முடிவெடுப்பான்.

3

நிரலை முப்பது வருடத்துக்கு முன் எழுதியவர் நெவில் டிராஸ்க். மலைக்கு மேலே மரீபாவில் ஒரு தகரக் கொட்டகையில் பழைய இயந்திரங்களோடு வாழ்கிற மனிதர். சி என்ற கணினி மொழியில் எழுதினார். அந்த மொழிக்கு அவ்வப்போது உலகத்தார் கூடி விதிகள் வகுப்பார்கள். நெவில் எழுதியது எண்பத்தொன்பதாம் வருட விதிப்படி.

அவருக்குப் பின் பொறுப்பு மெரிடித்திடம் வந்தது. பகலில் பேருந்துக் கம்பெனியில் கால அட்டவணை போடுகிறவள். மிச்ச நேரமெல்லாம் இது. பிரிஸ்பேனிலிருந்து இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். கெட்டிக்காரர்கள். ஆனால் இந்தப் பழைய விதியில் கையைக் கட்டிப்போட்டதுபோல் இருக்கிறது, தொண்ணூற்றொன்பதாம் வருட விதிக்காவது மாறுங்கள், இல்லையென்றால் கிளம்புகிறோம் என்றார்கள். தொண்ணூற்றொன்பதே கிழட்டு விதி, அதைக் கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது என்று கேலி வேறு.

அவர்கள் போய்விட்டால் மெரிடித் தனி. தனக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த நிரலைத் தொட ஆள் கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

ஆகவே மாற்றலாமா என்று மின்னஞ்சல் குழுவில் கேட்டாள். இதற்கு முன்பும் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒருவர்தான் மறுப்பார். நெவில். ‘வேண்டாம். நெ.’ என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கேட்ட கேள்விக்கு இரண்டு வாரத்துக்குள் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். கையெழுத்தும் கிடையாது, கை தூக்கலும் கிடையாது. ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிற, சம்பளமில்லாத ஆட்களை வேறு எப்படிக் கட்டி மேய்ப்பது?

இந்த முறை நெவில் மறுக்கவில்லை.

4

(இங்கே வாசகர் முந்திக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். கிழவர் செத்துவிட்டார், அதனால்தான் பதில் இல்லை என்று. நானும் அப்படி ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். கொட்டகைக் கதவைத் திறக்கிறாள் மெரிடித், உள்ளே ஈக்கள்

கிழித்துப் போட்டேன். நடந்தது அதைவிட மோசம்.)

5

ஆள் மௌனமாக இருந்தது போகட்டும். இயந்திரங்கள் என்ன சொல்லின?

இவர்களுக்குச் சோதனைப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. குழுவிலுள்ளவர்கள் தங்கள் வீட்டுக் கணினி ஒன்றை அதற்குத் தானமாகக் கொடுத்திருப்பார்கள். நிரலில் ஒரு வரி மாறினாலும் ஒவ்வொரு கணினியும் அதை ஓட்டிப் பார்த்து, முன்புபோலவே கணக்கு வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு என்று அறிவிக்கும். மெரிடித் விதியை மாற்றினாள். பக்கம் முழுக்கப் பச்சை. வெல்வெட் விரித்ததுபோல.

பதில் சொல்லாத இயந்திரத்தை அந்தப் பக்கம் காட்டாது. சிவப்பாகவும் காட்டாது, கறுப்பாகவும் காட்டாது. அது இல்லை, அவ்வளவுதான். காணாமல் போன ஒன்றைக் கவனிக்க ஒரு மனிதன் வேண்டும். மெரிடித் பச்சைகளைப் பார்த்தாள். இடைவெளியைப் பார்க்கவில்லை.

நெவிலின் கொட்டகை இயந்திரம் அணைந்திருந்தது.

மாற்றிய நிரலின் புதிய வெளியீடு போனது. அதோடு, மனிதர் எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி கட்டித்தரும் புதிய கம்பைலரும் சேர்ந்தே போனது. தீவுப் பெட்டிகள் இணையத்திலிருந்து தாமாகவே இறக்கி மாட்டிக்கொண்டன.

6

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், நானே புரிந்துகொண்டேன்.

பெட்டி தண்ணீரைச் சென்டிமீட்டரில் அளக்கிறது. பலகையில் காட்டுவதற்காகப் பத்தால் வகுக்கிறது. கடல் வரைபடத்தில் ஒரு பூஜ்யம் உண்டு. தண்ணீர் அதற்கும் கீழே வற்றுவது சில நாட்களில் மட்டும். அப்படிக் கீழே பதினேழு சென்டிமீட்டர் வற்றியிருந்தால், அதைப் பத்தால் வகுத்தால் கீழே ஒன்று என்பதா, இரண்டு என்பதா? பழைய விதி, அது அந்தந்த இயந்திரத்தின் விருப்பம் என்று விட்டுவிட்டது. நெவிலின் பழைய கம்பைலர் (தீவுப் பெட்டிகளிலும் அதுதான் இருந்தது) ‘கீழே இரண்டு’ என்றது. அதாவது தண்ணீர் குறைவு, ஜாக்கிரதை. புதிய விதியோ எல்லோரும் மிச்சத்தைத் தள்ளி எண்ணைப் பூஜ்யத்தின் பக்கமே உருட்ட வேண்டும் என்று கட்டளை போட்டுவிட்டது. ‘கீழே ஒன்று’.

ஒரு உள்ளங்கை அகலத் தண்ணீர். இல்லாத தண்ணீர்.

வாரக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் பூஜ்யத்துக்கு மேலே இரண்டு விதிக்கும் ஒரே விடைதான், கடலும் அதற்குக் கீழே போகவில்லை. போன முதல் நாளில் எலியா அந்தப் பாறை இடுக்கில் நுழைந்தான்.

நிரலோடு வருகிற குறிப்பில் எண்ணைத் தேடிப்பிடித்து, தொலைபேசியில் அவன் மெரிடித்திடம் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அக்கா, நான் எப்பவும் உங்க பலகைய முழுசா நம்ப மாட்டேன். ஒரு உள்ளங்கை கொறச்சுத்தான் வெச்சுக்குவேன். புதுசு வந்திருக்கு, சுத்தமா சரி பண்ணிட்டாங்கன்னு சொன்னாங்க. அன்னிக்குத்தான் கொறைக்கல."

அந்தத் தீவில் பெட்டி இருப்பதே மெரிடித்துக்குத் தெரியாது.

7

மலையேறி மரீபாவுக்கு வண்டி ஓட்டினாள். வழியெல்லாம் அவர் இறந்துகிடப்பார் என்றே நினைத்தாள். (சொன்னேனே, எல்லோரும் அப்படித்தான் நினைப்போம்.)

நெவில் உயிரோடு, வாசலில் மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒரு துண்டு நீட்டினார். அவள் வாங்கவில்லை. இயந்திரம் எப்போது பழுதானது என்று கேட்டாள்.

"பழுதாகல. நான்தான் அணைச்சேன்."

நிரலாளர் ஒருவர் இப்படிச் சொல்வதை நான் எப்படி எழுதுவது? பல விதமாக எழுதினேன். ‘குரல் தழுதழுக்க’ என்று ஒருமுறை. ‘வன்மத்தோடு’ என்று ஒருமுறை. இரண்டும் பொய். சாதாரணமாகச் சொன்னார் என்றுதான் மெரிடித் சொல்கிறாள். அதுதான் அவளை உலுக்கியது.

"அது செவப்புக் காட்டும்னு எனக்குத் தெரியும் மெரி. நீ மறுபடியும் என் வாசலுக்கு வந்து கெஞ்சணும், நான் மறுபடியும் வேண்டாம்னு சொல்லணும். எதுக்கு? நான் வழிய விட்டு நகந்துக்கிட்டேன்."

"தீவுல பெட்டிங்க இருக்கே, நெவில். அது உங்களுக்குத் தெரியாதா?"

"நீதானே எழுதின, அந்தப் பழைய கம்பைலர் என் கொட்டகையத் தவிர உலகத்துல எங்கயும் இல்லன்னு."

எழுதியிருந்தாள். முந்தைய சண்டையில், கோபத்தில், எல்லோரும் பார்க்கும் குழுவில். விசாரித்து எழுதியதல்ல, குத்துவதற்காக எழுதியது. அவர் அதைத் தகவலாக எடுத்துக்கொண்டார். அவள் எழுதியது என்பதால் நம்பினார்.

மெரிடித் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

8

பிறகு இருவரும் இயந்திரத்தைப் போட்டார்கள். அது சூடாகி, ஓட்டிப் பார்த்து, சோதனைப் பக்கத்தில் ஒற்றைச் சிவப்பாக வந்து நின்றது.

சனிக்கிழமை விடியலில் இந்த வருடத்தின் மிகப் பெரிய கடல் வற்றம். எலியாவிடம் பலகையைப் பார்க்காதே என்று சொல்லிவிட்டாள். மற்றவர்களிடம் எப்படிச் சொல்வது? மற்றவர்கள் யார்? குழுவில் எச்சரிக்கை போட்டாள். படகுக்காரர்கள் அந்தக் குழுவில் இல்லை. ஊர் பேர் தெரியாத அந்தப் பெட்டிகளை எட்டுவதற்கு ஒரே வழி, அவை தாமாக இறக்கிக்கொள்ளும் அடுத்த வெளியீடு.

அதிர்ச்சியில் மனிதர்கள் இடம் மாறிவிடுகிறார்கள். நான் இதை இட்டுக்கட்டவில்லை.

மெரிடித் பழைய விதிக்கே, பழைய கம்பைலருக்கே திரும்பிவிடலாம் என்றாள். அந்தக் கம்பைலரின் பிரதி நெவிலிடம் இருக்கிறது. அனுப்பினால் பழைய எண் நிச்சயம். பிரிஸ்பேன்காரர்கள் போய்விடுவார்கள், நிரல் தன்னோடு சாகும், சாகட்டும்.

நெவில் கூடாது என்றார். இத்தனை வருடம் வேண்டாம் வேண்டாம் என்ற அதே மனிதர்.

"கம்பைலரோட குணத்த நம்பி நான் எழுதினதே தப்பு. எந்தப் பக்கம் உருட்டணும்னு நிரல்லயே நான் எழுதியிருக்கணும். மறுபடி அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்காத. ஒவ்வொரு வகுத்தலா பாத்துத் திருத்தலாம். நான் கூட உக்காருறேன்."

"நிரல் முழுக்க வகுத்தல்தான். சனிக்கிழமைக்குள்ள ஒண்ணு விட்டுப்போனா?"

"விட்டுப்போகலாம்."

"அப்புறம்?"

நெவில் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள அவளுக்கு இனித் துணிவில்லை.

9

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அவள் பழையதை அனுப்புகிறாள். சனிக்கிழமை எந்தப் படகும் உரசவில்லை. அடுத்த வருடம் பெட்டி ஒன்று கெட்டுப்போகிறது, சரிசெய்ய ஆளில்லை, பலகையில் ஒரே எண் அசையாமல் நிற்கிறது. ஒருவன் அதை நம்பி

இரண்டாவதில் இருவரும் உட்கார்ந்து திருத்துகிறார்கள். பிரிஸ்பேன்காரர்களும் வந்து சேருகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை கொட்டகை இயந்திரமும் பச்சை காட்டுகிறது. ஆனால் பச்சையைப் பார்த்து மூச்சுவிடத் தெரிந்த மெரிடித் இப்போது இல்லை. சோதனை தொடாத ஒரு மூலையில் ஒரு வகுத்தல்

இரண்டையும் முடிக்க என் கை ஓடவில்லை. என்ன நடந்தது என்று மெரிடித்தைக் கேட்டேன். அவள் எலியாவின் படகைக் காட்டினாள். அது பத்திரமாக நிற்கிறது. மற்றப் படகுகளைப் பற்றிக் கேட்டேன். எனக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டாள். எதை அனுப்பினாய் என்றாவது சொல் என்றேன். சொன்னாள்.

அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் அவளைச் சரி என்றோ தப்பு என்றோ சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். அவளால் அப்படி எழுந்து போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை. இரண்டு வெளியீடுகளும் தயாராக இருக்கின்றன. நெவில் பக்கத்தில் நிற்கிறார், வாய் திறக்காமல். கண்ணுக்குத் தெரியாத தீவு ஒன்றில் யாரோ நாளைக்கான வலையை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள்.

மெரிடித் அனுப்பியது