அயனம்பாக்கத்தில் ஒரு மனை

புஷ்பாவுக்கு எம்.பி.ஏ. படிக்க இரண்டு ஊர்களில் இடம் கிடைத்தது. மெட்ராஸ் கல்லூரிக்கு அம்பத்தூர், பாடி கம்பெனிகள் ஆள் எடுக்க வரும். புனே கல்லூரிக்குப் பம்பாய் கம்பெனிகள் வரும். அவளுக்கு வேண்டியது பம்பாய். எங்கே வேலை பார்க்க ஆசையோ அங்கே போய்ப் படி என்று சீனியர்கள் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, புனேவுக்குச் சம்மதம் எழுதிப் போட்டுவிட்டாள். அதை அப்பாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

அப்பா மனோகரன் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஊழியர். தொண்ணூற்று நான்கில் ரிட்டையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். வேலை கொடுத்தவனே வீடும் கொடுத்ததில் பழகிப்போன மனுஷர். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்பதெல்லாம் அவர் புத்திக்கு எட்டாத சமாச்சாரம். மகளுக்கு அம்பத்தூரில்தான் வேலை என்று தானாகவே முடிவு கட்டி, பக்கத்திலேயே அயனம்பாக்கத்தில் மனை பார்த்துவிட்டார். அவளையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

நிலத்துக்காரர் வரதன் ஏரிப் பக்கம் கையை நீட்டினார். "காத்து எப்டி கீது பாரு சார். பாப்பா டூட்டி முடிஞ்சா சட்டுனு ஊட்டுக்கு வந்துடும்."

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்று சிரித்தார். "சமையல்கட்டு இங்க. உனக்கு ரோட்டுப் பக்கம் ஜன்னல். கம்பெனி பஸ் வர்றது தெரியும்."

அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. புஷ்பாவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அட்வான்ஸ் கொடுக்க அவர் கை சட்டைப் பைக்குள் போனபோது, இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பாவம் என்று தோன்றியது.

"குடுக்காதீங்கப்பா. நான் புனேவுல சேரப்போறேன். வேலையும் பம்பாய்லதான் பார்ப்பேன்."

வரதன் நாசூக்காக ஒதுங்கிப் போனார். அப்பா திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டித் தொலைத்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவரோ நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? பாவம், இவரை வேற அலைய விட்டுட்டோம்." கொஞ்சம் யோசித்தார். "பம்பாய்ல மனை வாங்குறதெல்லாம் ஆவாது. வாடகைக்கே போயிடுவோம். உங்கம்மாவுக்குத்தான் இந்தி வராது."

புஷ்பா ஆசைப்பட்ட பம்பாயில் அவள் மட்டும்தான் இருந்தாள். அதை எப்படிச் சொல்வது?

"கத்துக்குவாங்கப்பா" என்றாள்.