பச்சைத் தகட்டில் கிளிவெட்டி

கணினிக் கம்பனிக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. செய்துகொண்டிருக்கும் காலத்தில் இயந்திரத்துக்கு ஆசையாய் ஒரு செல்லப் பெயர் வைப்பார்கள். மலை, மீன், ஏதாவது சூப்பின் பெயர்கூட இருக்கும். கடைக்கு அனுப்பும்போது அதைத் தூக்கி எறிந்துவிட்டு, வாயில் நுழையாத ஓர் இலக்கத்தை ஒட்டிவிடுவார்கள். ஆனாலும் உள்ளே, போர்ட் எனப்படும் பச்சைத் தகட்டின் மூலையில் அந்தப் பெயர் பொடி எழுத்தில் கிடக்கும். திருகாணி கழற்றுகிறவர்களுக்குத்தான் அது தெரியும்.

இதைச் சுலோஜனாவுக்குச் சொன்னவன் தனஞ்சயன். திருகோணமலைக் கடையொன்றில் இருவரும் ஒரே மேசையில் லெப்டொப் திருத்தினார்கள். தாய்வானில் அப்படியொரு கம்பனியில் வேலை கிடைத்துப் புறப்பட்ட அன்று, "பெயர் வைக்கிற முறை எனக்கு வந்தா உம்மட ஊர்ப் பெயர்தான் வைப்பன். கண்டால், நான் மறக்கேல்ல எண்டு விளங்கிக்கொள்ளும்" என்றான்.

இரண்டு வருடம் போனில் கதைத்தான். பிறகு இலக்கமும் மாறி, ஆளும் இல்லாமல் போனான். பாவி, மறந்தானா இல்லையா, அதை மட்டுமாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா! ஒன்பது வருடமாக அந்தக் கம்பனி இயந்திரம் எது வந்தாலும், பழுதைப் பார்க்க முன்னம் அவள் மூலையைத்தான் பார்த்தாள். மலை வந்தது, மீன் வந்தது. நாசமாய்ப் போன சூப்பும் வந்தது.

புதன்கிழமை கிண்ணியாவிலிருந்து லைலா ரீச்சர் சார்ஜ் ஏறாத லெப்டொப் ஒன்றோடு வந்தார். அவர் கதிரையில் இருந்து கதைத்துக்கொண்டிருக்க, சுலோஜனா மூடியைக் கழற்றினாள்.

மூலையில் ஒன்பது ஆங்கில எழுத்து. கிளிவெட்டி. அவளுடைய ஊர்.

உலகத்தில் வேறு எவன் ஒரு கணினிக்குக் கிளிவெட்டி என்று பெயர் வைப்பான்? அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. போனில் படம் எடுத்தாள். போதவில்லை. தகடே வேண்டுமென்று மனம் அடம்பிடித்தது. போர்ட் செத்துப்போச்சு, மாற்றவேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால், பழையது இந்த மேசையிலேயே தங்கிவிடும்.

"என்ன புள்ள, போர்ட் போயிட்டா?" ரீச்சரே எடுத்துக்கொடுத்தார்.

ஓம் என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பொய் சொல்லி எடுத்தால், அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் பொய்தானே ஞாபகம் வரும்?

"இல்லை ரீச்சர், போர்ட் நல்லா இருக்கு. சார்ஜ் குத்துற இடம்தான் கருகிக் கிடக்கு."

அரை மணி வேலையைப் பின்னேரம் வரை இழுத்தாள். மூடியைப் போட முன்னம் அந்த எழுத்துகளை விரலால் ஒருதரம் தடவினாள். பிறகு திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பூட்டினாள்.

"இனிப் பழுதாகாதே?" என்று கேட்டார் ரீச்சர்.

"ஆகட்டும் ரீச்சர்" என்று வாய் தவறி வந்துவிட்டது. அவர் விழிக்க, இவள் லெப்டொப்பை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னாள். "ஆகினா வேற ஒருத்தரிட்டயும் திறக்கக் குடுக்காதேங்கோ. என்னட்டயே கொண்டுவாங்கோ."