கேட்காத தரகர்

செல்வநாயகி வீட்டை விற்பதென்று முடிவெடுத்த அன்றே இன்னொரு முடிவையும் எடுத்துவிட்டாள். வீடு யாருக்குப் போனாலும் போகட்டும், பத்மாவதிக்கு மட்டும் போகக் கூடாது. பத்மாவதி வேறு யாருமில்லை. கூடப் பிறந்த தங்கச்சி, பக்கத்து வீட்டுக்காரி. அச்சுவேலியில் தாய்வழி வந்த ஒரே காணியைப் பிரித்துத்தான் இரண்டு பெண்களுக்கும் சீதனம் கொடுத்தார்கள். வீடு இரண்டாகக் கட்டலாம், நடுவில் மதிலும் எழுப்பலாம், கிணற்றை என்ன செய்வது? அது எல்லையில் இருவருக்கும் பொதுவாக நின்றுவிட்டது.

இருவருக்கும் பேச்சு நின்று ஏழு வருசம். பத்மாவதி தன் மூத்த மகனின் கல்யாணத்துக்கு நேரில் வந்து சொல்லாமல், கார்ட்டை யாரோ ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். கூடப் பிறந்தவளுக்குப் படியேறி வந்து சொல்ல அவளுக்குக் கால் இல்லையா என்று செல்வநாயகி கேட்டாள். பத்மாவதியிடம் கேட்கவில்லை, ஊரெல்லாம் கேட்டாள். கல்யாணத்துக்கும் போகவில்லை. அதற்குப் பிறகு செல்வநாயகி காலையில் கிணற்றடிக்குப் போவாள், பத்மாவதி பின்னேரம் வருவாள். யாரும் பேசி வைத்த ஒழுங்கல்ல, தானாக அமைந்தது.

வீட்டை விற்கும் பேச்சு வந்ததே போன மாரி மழைக்காலத்தில் அவள் குசினிக்குள் அடுப்படியில் வழுக்கி விழுந்ததால்தான். கணவன் போன பிறகு தனியாக இருக்கிறவள். இடுப்பு அசையவில்லை. ஒரு சத்தம் போட்டிருந்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அவள் போடவில்லை. விடிந்து பால்காரர் வந்து வாசல் படலையைத் தட்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மகள் தனுசியா அரியாலையிலிருந்து ஓடிவந்து, அழுது, கோபப்பட்டு, தன் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு சின்ன வீடு பார்த்தாள். அந்த வீட்டுக்காரர் வைகாசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் இது விலைப்பட வேண்டும். தவறினால் இன்னொரு மாரி இதே குசினியில், தனியாக.

ஆகவே வீட்டைத் தயார்ப்படுத்தினாள். சுவருக்கு இளம் பச்சை அடித்தாள், ஓடு மாற்றினாள், குசினிக் கதவுக்கு எண்ணெய் போட்டாள். கூடத்துச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு ஓடியது. அதற்கு முன்னால் பெரிய அலுமாரியைத் தள்ளி வைத்து, அதற்கு மேலும் எட்டிப் பார்த்த துண்டுக்குச் சாமிப் படக் கலண்டர் ஒன்றைத் தொங்கவிட்டாள். உலகத்தில் எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள் என்பது அவளுடைய உறுதியான எண்ணம். தன்னுடைய அலுமாரியை அவள் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்தது தரகர். முதலில் வந்தவர் சிமியோன். பண்டத்தரிப்புக்காரர், நரைத்த மீசை, பழைய ஸ்கூட்டர். வந்தவுடன் வீட்டைப் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நல்ல தண்ணி. பங்குக் கிணறோ தங்கச்சி?"

"ஓம்."

"மற்றப் பங்கு ஆருக்கு?"

"பக்கத்து வீட்டுக்கு."

"அவையிட்டைக் கேட்டிட்டீங்களோ?"

செல்வநாயகிக்குச் சுருக்கென்றது. பங்குக் கிணறு உள்ள காணியை விற்பதென்றால் மற்றப் பங்காளியிடம் முதலில் கேட்க வேண்டும். அது யாழ்ப்பாணத்துச் சட்டமான தேசவழமை, ஊர் வழமை, எல்லாம். வேண்டாமென்று அவர்கள் சொன்ன பிறகுதான் வெளியாருக்கு. நொத்தாரிசு காணி உறுதிப் பத்திரம் எழுதுமுன் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் கேட்பதென்றால் பத்மாவதியின் படியேற வேண்டும். ஏறிக் கேட்டு, அவள் வேண்டும் என்று சொல்லிவிட்டால்? வேண்டாமென்று அவள் போட வேண்டிய கையொப்பத்தைக் கடைசி நேரத்தில் தரகரே எப்படியாவது வாங்கித் தரட்டும் என்று அவள் மனதுக்குள் ஒதுக்கி வைத்திருந்தாள்.

"அதைப் பிறகு பாப்பம்," என்றாள்.

"பிறகு பாக்கிற விசயமில்லைத் தங்கச்சி உது. முதல் பாக்கிற விசயம்." சிமியோன் கூடத்துக்குள் வந்து அலுமாரியையும் கலண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

செல்வநாயகி யன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்கூட்டர் ஒழுங்கை முனைக்குப் போகவில்லை. பத்மாவதியின் படலையில் நின்றது. அவர் இறங்கி உள்ளே போனார். ஓகோ, விசயம் இதுதானா. ஆளை விட்டு வாயைக் கிண்டிப் பார்த்திருக்கிறாள். அடுத்த நாள் சிமியோன் தொலைபேசியில் அழைத்தபோது அவள் எடுக்கவேயில்லை.

இரண்டாவது ஆள் சுபாஸ்கரன். யாழ்ப்பாண நகரத்தில் தரகுக் கந்தோர் வைத்திருப்பவன், கறுப்புக் கண்ணாடி, கையில் பறக்கும் கமரா. அதை முற்றத்திலிருந்து எழுப்பி வீட்டை மேலிருந்து படம் பிடித்தான். செல்வநாயகி கமராவைப் பார்க்கவில்லை, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தாள். அது மதிலைத் தாண்டிப் பத்மாவதியின் கூரைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது.

"ஏன் தம்பி அங்காலை போகுது?"

"எல்லையைக் காட்டத்தான் அன்ரி. கிணறு பொதுவோ? அவையிட்டைக் கேட்டுட்டீங்களோ? இல்லாட்டிச் சொல்லுங்கோ, நான் போய்க் கதைக்கிறன்."

"நீர் ஒண்டும் கதைக்க வேண்டாம். உதைக் கீழை இறக்கும்."

அவன் இறக்கினான். அவனும் அத்தோடு சரி. அச்சுவேலி முழுவதும் பத்மாவதி ஆள் வைத்திருக்கிறாள், யாழ்ப்பாணம்வரை அவளுடைய கை நீண்டிருக்கிறது என்று செல்வநாயகி நம்பத் தொடங்கினாள். சந்தைக்குப் போனால் மரக்கறிக்காரி "வீடு விலைப்பட்டிட்டுதோ?" என்று கேட்டாள். அவளையும் சந்தேகப்பட்டு, கத்தரிக்காயை வேறு இடத்தில் வாங்கினாள். சித்திரை பிறந்துவிட்டது. அரியாலை வீட்டுக்காரர் தனுசியாவிடம் இரண்டு தடவை விசாரித்துவிட்டார்.

அப்போதுதான் ஜெயரூபன் வந்தான். யார் சொல்லி வந்தாய் என்று கேட்டதற்கு, "வீடு விக்கிறீங்களெண்டு ஊருக்கையே கதை தானே" என்றான். அமைதியான மனிதன். கூடத்தைப் பார்த்தான், அறைகளைப் பார்த்தான், குசினிக் கதவைத் திறந்து மூடினான். அலுமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. கிணற்றடியில் கைகால் கழுவினான், தண்ணீர் நல்லது என்றான். செல்வநாயகி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். பங்கு பற்றி ஒரு சொல் வரவில்லை. பக்கத்து வீடு பற்றி ஒரு சொல் வரவில்லை. போகும்போது யன்னலால் பார்த்தாள். மோட்டார் சைக்கிள் நேரே ஒழுங்கை முனையால் திரும்பிப் போனது. பத்மாவதியின் படலையை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இப்படி ஒரு மனிதனைத்தானே இவ்வளவு நாளும் தேடினாள். அன்று பின்னேரமே தொலைபேசியில் அழைத்து, விற்கிற பொறுப்பை அவனிடம் கொடுத்தாள்.

கிழமை திரும்பமுன் அவன் ஆளும் கொண்டுவந்தான். ஆள் என்றால் நேரில் இல்லை. கனடாவில் இருக்கிற ஒருவராம். கேட்ட விலைக்குச் சம்மதமாம். வீட்டை வந்து பார்க்கத் தேவையில்லையாம்.

"பாக்காமலே வாங்கினமோ?" என்று செல்வநாயகி கேட்டாள்.

"அவைக்கு இடம் பிடிச்சிட்டுது அம்மா. வெள்ளிக்கிழமை நொத்தாரிசிட்டைப் போவம்."

வியாழக்கிழமை தனுசியா சாமான் கட்ட வந்தாள். பாத்திரங்களைப் பழைய பத்திரிகையில் சுற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"சித்தியின்ரை கையொப்பத்துக்கு உவர் என்ன செய்யப்போறாராம் அம்மா?"

"அவர் அதைப் பற்றிக் கேக்கவே இல்லைப் பிள்ளை. நல்ல மனிசன்."

"கேக்கேல்லையோ?" தனுசியா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். "காணி வித்துத் திரியிற ஆள் கிணத்துப் பங்கைக் கேக்காமல் இருப்பாரோ? அது இல்லாமல் உறுதி எழுத ஏலாதே. உங்களுக்கே தெரியும்."

செல்வநாயகி விரல் விட்டு எண்ணினாள். சிமியோன் கேட்டார். சுபாஸ்கரன் கேட்டான். கேட்க வேண்டியது தொழில், அதனால் கேட்டார்கள். கேட்காமல் விட்டவன் ஒருவன்தான். பதில் முன்கூட்டியே தெரிந்தவன்தான் கேள்வி கேட்க மாட்டான். கையொப்பம் வாங்கத் தேவையில்லாதவன்தான் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டான். பார்க்காமலே வாங்குகிற கனடாக்காரர் யார்? இந்த வீட்டுக்குள் தவழ்ந்து வளர்ந்தவனுக்குப் பார்க்க என்ன இருக்கிறது? பத்மாவதியின் மூத்தவன், அந்தக் கல்யாணக்காரன், கனடாவில்தான் இருக்கிறான்.

உள்ளங்காலிலிருந்து உச்சிவரை அவளுக்குப் பற்றி எரிந்தது. எல்லோரையும் சந்தேகப்பட்டு, சந்தேகப்பட வேண்டிய ஒருவனைத் தேத்தண்ணி கொடுத்து நடு வீட்டில் இருத்தியிருக்கிறாள். தனுசியா ஏதோ சொல்லச் சொல்லக் கேளாமல், ஏழு வருசத்தில் முதல் தடவையாகப் பின்னேரம் கிணற்றடிக்குப் போனாள்.

பத்மாவதி வாளியோடு வந்தாள். அக்காவைக் கண்டதும் நின்றாள். பிறகு ஒன்றும் நடவாததுபோல வந்து வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.

"ஜெயரூபனை அனுப்பினது நீயோ?"

"ஓம்."

ஓம் என்று அவ்வளவு சுலபமாக வருமென்று செல்வநாயகி எதிர்பார்க்கவில்லை. கொண்டுவந்த சண்டைக்கு எங்கே பிடிப்பதென்று தெரியாமல் தடுமாறினாள். "கள்ள வேலை," என்றாள்.

"கள்ள வேலைதான். என்ரை பேரைச் சொல்லி வந்தா நீ அந்தாளைப் படலையிலேயே கலைச்சிருப்பாய். ஒண்டே ஒண்டுதான் சொல்லி விட்டனான், கிணத்தைப் பற்றி மட்டும் கேக்காதேயும் எண்டு. மற்ற ரெண்டு பேரையும் நீ ஏன் கலைச்சனி எண்டு எனக்குத் தெரியும்." பத்மாவதி கயிற்றை இழுத்தாள். "அந்தச் சிமியோன் அண்ணை என்ரை வீட்டுக்கு வந்தவர். அக்கா உங்களிட்டைக் கேட்டவவோ எண்டார். நான் என்ன சொல்லுறது? என்ரை கூடப் பிறந்தவள் வீடு விக்கிறது எனக்குப் புரோக்கர் சொல்லித்தான் தெரியும் எண்டு சொல்லுறதோ? தலையைக் குனிஞ்சு கொண்டு நிண்டனான்."

செல்வநாயகி கிணற்றுக் கட்டின் பாசியை நகத்தால் சுரண்டினாள்.

"கல்யாணத்துக்கு நான் வந்து சொல்லேல்லை. பிழைதான். ஓடுப்பட்டுத் திரிஞ்சதிலை விட்ட பிழை. அதுக்கு ஏழு வருசம் நீ என்ரை முகம் பாக்கேல்லை. விழுந்து கிடந்தும் என்னைக் கூப்பிடேல்லை. இப்ப நீ வீட்டை விக்கிறாய். எனக்கு வந்து சொன்னனியோ அக்கா?"

வாளி மேலே வந்துவிட்டது. பத்மாவதி அதைக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். தண்ணீரா கண்ணீரா என்று செல்வநாயகி வழமைபோலச் சந்தேகப்பட்டாள். பிறகு வெட்கமாக இருந்தது. தன் கோபம் முழுவதும் எந்த ஒரு குற்றத்தின் மேல் நின்றதோ, அதே குற்றத்தைத்தான் தானும் செய்துகொண்டு திரிந்திருக்கிறாள்.

வீட்டைக் கொடாமல் விடலாம். வைகாசி போகும், அரியாலை வீடு போகும், மாரி வரும். அதெல்லாம் நினைவில் இருந்தது. ஆனாலும் அடுத்து அவள் கேட்டது அதற்காக மட்டுமல்ல.

"பத்மா, நான் வீட்டை விக்கப்போறன். பங்குக்காரி நீ. உனக்கு வேணுமோ?"

பத்மாவதி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்லுறன்."

"யோசிக்க என்ன இருக்கு? மகனுக்கெண்டு ஆள் அனுப்பி விலையும் பேசினனி தானே?"

"அது புரோக்கர் கேட்டது. இது நீ கேட்டது. கிணத்தடியிலை நிண்டு மறுமொழி சொல்ல ஏலாது." வாளியைத் தூக்கிக்கொண்டாள். "நாளைக்குக் காலமை வாறன். படலையாலை வந்து, படியேறிச் சொல்லுறன்."

செல்வநாயகி வீட்டுக்குள் வந்து கூடத்தில் நின்றாள். நாளைக்குப் பத்மாவதி இந்தக் கதிரையில் இருப்பாள். இருந்து என்ன செய்வாள்? சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். எதற்கு இந்த அலுமாரி இடம் மாறியிருக்கிறது என்று கட்டாயம் எழும்பிப் பின்னால் எட்டிப் பார்ப்பாள். செல்வநாயகிக்கு அதில் துளியும் சந்தேகமில்லை, ஏனென்றால் அவளும் அதைத்தான் செய்திருப்பாள்.

"தனுசியா, உதிலை ஒருக்கா வந்து பிடி," என்று மகளைக் கூப்பிட்டாள். இருவரும் சேர்ந்து அலுமாரியைப் பழைய இடத்துக்குத் தள்ளினார்கள். கலண்டரையும் கழற்றிவிட்டாள்.