முத்திரை வைத்த கியர்பாக்ஸ்

கலியபெருமாள் புதுச்சேரி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். சாட்சிகள் தமிழில் சொல்வதை நீதிபதிக்குப் பிரெஞ்சில் சொல்வதும், நீதிபதி பிரெஞ்சில் கேட்பதைச் சாட்சிகளுக்குத் தமிழில் சொல்வதும் அவர் வேலை. இருபத்தோரு வருடம் அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றதில், மனிதர்கள் வாயைத் திறப்பதே எதையோ மறைக்கத்தான் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். பால்காரர் வந்தால் விரலை விட்டுப் பார்ப்பார். தையற்காரரிடம் துணி கொடுத்தால் ஓரத்தில் மையால் புள்ளி வைத்துத்தான் கொடுப்பார்.

அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த ஒரே காரியம் அந்தக் காரை வாங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போன ஐம்பத்து நாலாம் வருடக் கடைசியில், துறைமுக அதிகாரி ஒருவர் கப்பல் ஏறும் அவசரத்தில் விற்றுவிட்டுப் போன கார் அது. பச்சை நிறம், இரண்டே இருக்கை, மடித்து வைக்கும் கித்தான் கூரை. தரையோடு ஒட்டினாற்போல உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி அஞ்சலாட்சியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் இரண்டு சுற்று வருவார். அந்த நேரத்தில் மட்டும் அவர் முகம் தளர்ந்திருக்கும் என்று அஞ்சலாட்சி சொல்வாள்.

காரில் ஒரு குறை. கியர் மூன்றுதான். இரண்டாவதில் போனால் அலறும். மூன்றாவதுக்கு மாற்றினால் மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும். கியரை அவர் 'வித்தேஸ்' என்றுதான் சொல்வார். "ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஒரு வித்தேஸ் விட்டுட்டான்" என்று நாலு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். அதே கம்பெனி பின்னால் செய்த காரில் நாலு கியர் என்று தெரிந்தது. அப்படி ஒரு கார் மதராஸ் பக்கம் மரத்தில் மோதி நொறுங்கியதாகவும், அதன் கியர்பாக்ஸ் பழைய சாமான் கடையில் கிடப்பதாகவும் அஞ்சலாட்சியின் தம்பி ராமதாஸ் செய்தி கொண்டுவந்தான். ராமதாஸுக்கு வாரம் இரண்டு முறை லாரியோடு மதராஸ் போய்வரும் வேலை.

"போறப்ப வாங்கிட்டு வா. சுத்திக் காட்டச் சொல்லு. சத்தம் வருதான்னு காத வச்சிக் கேளு" என்றார் கலியபெருமாள்.

ராமதாஸ் அடுத்த வாரமே சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினான். கலியபெருமாள் அதை இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தார். பிறகு மேல்மூடியின் எட்டு போல்ட்டுகளையும் மெல்லிய கம்பியால் கோத்துக் கட்டி, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றித் தன் மோதிரத்தை அழுத்தினார்.

"எதுக்கு மாமா இது?" என்றான் ராமதாஸ்.

"மெக்கானிக் உள்ள இருக்கற நல்ல சாமான உருவிட்டு ஓட்டைய வச்சிட்டா?"

மெக்கானிக்கின் பெயர் கன்னியப்பன். வைத்திக்குப்பத்து மீனவக் குடும்பம். கடலுக்குப் போகாமல், கப்பல் சரக்கு ஏற்றும் படகுகளின் இயந்திரப் பட்டறையில் வேலை கற்று, இப்போது உப்பளம் என்ற பகுதியில் சொந்தமாகக் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார். அரக்கு முத்திரையைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நாள் காலை நீதிமன்ற விடுமுறை என்று கலியபெருமாள் மடக்கு நாற்காலியோடு வந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"நா இல்லாதப்ப எதையும் அவுக்கக் கூடாது."

"உங்க வண்டி, உங்க இஷ்டம் முசியே" என்றார் கன்னியப்பன். பிரெஞ்சுக்காரர் காலத்து 'ஐயா' அது, அவர் வாயை விட்டு இன்னும் போகவில்லை.

பழைய கியர்பாக்ஸைக் கழற்ற ஒன்றரை நாள் ஆயிற்று. இருக்கைகளை எடுத்து, காலடிப் பலகைகளைப் பெயர்த்து, பின்சக்கரத்துக்கு ஓடும் நீளத் தண்டை அவிழ்த்து, கடைசியில் கன்னியப்பன் மல்லாந்து படுத்து நெஞ்சின் மேல் தாங்கி அதை வெளியே எடுத்தார். கழன்று வந்த ஒவ்வொரு போல்ட்டிலும் கலியபெருமாள் வெள்ளைப் பெயின்ட்டால் புள்ளி வைத்தார். புதியது மூன்று அங்குலம் நீளம் அதிகம். அதற்குத் தக்கபடி தண்டை வெட்டிக் குறுக்க வேண்டும் என்று கன்னியப்பன் சொன்னபோது, "வெட்டின துண்டு எனக்கு வேணும்" என்றார்.

மூன்றாம் நாள் புதிய கியர்பாக்ஸைப் பலகைமேல் தூக்கி வைத்தார்கள். கலியபெருமாள் முத்திரையை வெளிச்சத்தில் பார்த்து, தன் மோதிரத்தோடு ஒப்பிட்டு, பிறகு தானே உடைத்தார். கன்னியப்பன் அடியில் தகரத்தை வைத்து எண்ணெயை வடியவிட்டார்.

எண்ணெய் ஒழுகவில்லை. கேழ்வரகுக் களி மாதிரி கட்டிகட்டியாக விழுந்தது.

கன்னியப்பன் இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "மரத்தூள், முசியே."

"என்னாது?"

"பேரிங் தேஞ்சிபோன பொட்டி ஊள விடும். தூளக் கொட்டிட்டா கொஞ்ச நாளைக்கு ஊமையாயிடும். விக்கறவன் செய்யற வேல."

மூடியைத் திறந்ததும் எல்லாம் தெரிந்தது. இரண்டு பேரிங்குகள் விழப்போகும் பற்கள்போல ஆடின. மூன்றாவது கியரின் சக்கரத்தில் இரண்டு பற்கள் மூளி. கலியபெருமாளின் கண் தகரத்திலிருந்து முத்திரைக்கும், முத்திரையிலிருந்து கன்னியப்பனுக்கும் போய்வந்தது. முத்திரை உடையாமல்தான் இருந்தது. அதை அவரே பார்த்தார். அப்படியானால் முத்திரை வைப்பதற்கு முன்னால். அதற்கு முன்னால் அது யார் கையில் இருந்தது?

சாயங்காலம் ராமதாஸைக் கொட்டகைக்கே வரவழைத்தார். நீதிமன்றத்தில் மற்றவர்கள் கேட்கும் கேள்விகளை மொழிபெயர்த்துப் பழகிய மனிதர், அன்று தன் சொந்தக் கேள்விகளைக் கேட்டார்.

"மதராஸ்ல எத்தினி மணிக்கு எடுத்த? நேரா எங்கிட்ட வந்தியா, உன் வீட்டுக்குப் போனியா?"

"ராத்திரி ஆயிடுச்சி மாமா. வீட்டுல வச்சிட்டுக் காலைல கொண்டாந்தேன்."

"உன் வீட்டுக்குப் பக்கத்துல மரம் அறுக்கற வாடி இருக்குது இல்ல?"

ராமதாஸின் முகம் கருத்தது. "மாமா, நா ஏன் அதப் போய்..."

"நல்ல பொட்டிய வேற எவனுக்காவது தள்ளிட்டு, எனக்குக் குப்பைய வாங்கிக் குடுத்தியா? வாடி இருக்குதா, இல்லியா, அதச் சொல்லு."

"இருக்குது."

சாலையில் போனவர்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். ராமதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். அக்காள் புருஷனை எதிர்த்துப் பேச முடியாது. கன்னியப்பன் கையில் இருந்த துணியைக் கீழே போட்டார்.

"முசியே, ஒரு நிமிஷம். இங்க வந்து பாருங்க." கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருந்த சிறிய மூடியைத் தொட்டுக் காட்டினார். "எண்ணெ ஊத்தற தொள இது. நீங்க மேல எட்டு போல்ட்டுக்கும் அரக்கு வச்சீங்க. இத உட்டுட்டீங்க. மூணு ராத்திரி இந்தப் பொட்டி எங்கிட்டதான் கெடந்துது. தூளக் கொட்டணும்னா நாங்கூடக் கொட்டியிருக்கலாம். அந்தப் புள்ளைய மட்டும் கேக்கறீங்களே."

கலியபெருமாள் குனிந்து அந்த மூடியைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் வந்த மாற்றத்தை ராமதாஸ் பிறகு அக்காளிடம் விவரித்தான்: பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்த மாதிரி இருந்ததாம்.

"எதுக்கு இத நீயே சொல்ற?" என்றார் கன்னியப்பனிடம்.

"உள்ளதச் சொன்னேன்."

"யாரும் எதையும் தொட வேணாம். அப்படியே கெடக்கட்டும்." நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிரித்துப்போட்ட காரும் இரண்டு கியர்பாக்ஸும் கொட்டகையை அடைத்துக்கொண்டு கிடந்தன. கலியபெருமாள் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. நீதிமன்றத்துத் தாழ்வாரத்தில், "உப்பளத்துல வண்டி விட்டா சாமானப் பாத்துக்குங்க" என்று இரண்டு பேரிடம் சொன்னார், அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது. வீராம்பட்டினத்துக்கு ஓடும் பஸ்ஸின் முதலாளி, இன்ஜின் வேலைக்கு விட்டிருந்த பஸ்ஸை இழுத்துக்கொண்டு போனார். ஒரு டாக்டரின் டிரைவர், வேலை நடக்கும்போது முதல் தடவையாகப் பக்கத்திலேயே நின்றான்.

பத்து நாள் கழித்து ராமதாஸ் கொட்டகைக்கு வந்தான். வெகுநேரம் காரின் மட்கார்டைத் தடவிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, அன்னிக்கி நீங்க எனக்காகப் பேசினீங்க. எனக்குத் தூக்கம் வரல. ஒண்ணு சொல்லிடறேன். மொதல் தடவ அந்தக் கடைக்குப் போனப்ப கடைக்காரரு பொட்டியக் கையால சுத்திக் காட்டனாரு. கரகரன்னுது. வேணாம்னு வந்துட்டேன். மறுவாரம் போனா சத்தமே இல்ல. எண்ணெ மாத்தினேன்னாரு. எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துது. ஆனா மாமா கேட்டுக்குனே இருந்தாரு. வாங்காம வந்தா, ஏன் வாங்கலன்னு நூறு கேள்வி கேப்பாரு. அதுக்குப் பயந்து வாங்கியாந்துட்டேன்."

கன்னியப்பன் பீடியைக் கீழே தேய்த்து அணைத்தார். கோபம் வந்திருக்க வேண்டும், வந்தது. இந்தப் பையனுக்காகப் பேசப்போய்த்தான் பஸ் போயிற்று. ஆனால் அந்த நூறு கேள்விகளில் ஒரு இருபதுக்கு அவரும் அந்த மூன்று நாளில் பதில் சொல்லியிருந்தார்.

"எங்கிட்ட சொல்லி என்னா? அவருகிட்ட சொல்லு."

ராமதாஸ் அன்றே போய்ச் சொன்னான். அஞ்சலாட்சி அப்போது சாதம் பரிமாறிக்கொண்டிருந்தாள். கலியபெருமாள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார். கடைசியில் கேட்டார்:

"மெக்கானிக்கப் பாத்துட்டு வந்தியா?"

"ஆமா மாமா."

"நெனச்சேன். முன்னே அவன் உனக்குச் சாட்சி, இப்போ நீ அவனுக்கு. இப்படிச் சொல்லுன்னு யாரு யாருக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

ராமதாஸ் எழுந்து போனான். சைக்கிளை எடுக்கும் சத்தம் கேட்டது. அஞ்சலாட்சி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் கணவரை எதிர்த்துக் கேட்டது குறைவு.

"ஏங்க, அவன் தப்பு செய்யலன்னு சொன்னப்ப நம்பல. இப்ப தப்பு செஞ்சேன்னு அவனே வந்து சொல்றான், அதையும் நம்பல. உங்ககிட்ட ஒருத்தன் என்னாதான் சொல்லணும்?"

கலியபெருமாள் தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சோறு காய்ந்து விரலில் ஒட்டியது.

"நாங்கூட இருபது வருஷமா யோசிச்சித்தான் பேசறேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அதுதான் அவரைச் சுட்டது. அவளுமா?

மறுநாள் காலை நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் உப்பளத்துக்குத் திரும்பினார். கன்னியப்பன் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவின் அச்சை நிமிர்த்திக்கொண்டிருந்தார். இப்போது அந்த வேலைதான் வந்தது.

"அந்தப் பொட்டிய சரி பண்ண முடியுமா?"

"பேரிங் மதராஸ்ல கெடைக்கும். மூளிச் சக்கரத்துக்குப் பதிலு புதுசு வெட்டணும். பஞ்சாலப் பட்டறைல பல்லு வெட்டற மிஷின் இருக்குது. அங்க எனக்கு ஆளு தெரியும்."

"பண்ணு."

"பண்றேன். ஆனா ஒண்ணு முசியே. முடியற வரைக்கும் நீங்க இந்தப் பக்கம் வரக் கூடாது. நாற்காலியும் வரக் கூடாது. பேரிங் வாங்க ராமதாஸ்தான் போவணும். அவன் காதுக்குத்தான் அந்தச் சத்தம் தெரியும்."

கலியபெருமாளின் கழுத்து சிவந்தது. பஸ் போன இடம் வெறுமையாக, எண்ணெய்க் கறையோடு கிடந்ததை அவர் கவனித்தார்.

"எத்தினி நாளு?"

"எட்டு நாளாவது ஆவும்."

அந்த எட்டு நாளை அவர் எப்படிக் கடத்தினார் என்பது அஞ்சலாட்சிக்குத்தான் தெரியும். மூன்றாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு உப்பளத்து முனைவரை நடந்தார். கொட்டகையிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டதும் திரும்பிவிட்டார். ஐந்தாம் நாள் நீதிமன்றத்தில் ஒரு சாட்சியின் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு நின்றார். நீதிபதி இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. எட்டாம் நாள் பஸ் முதலாளியின் வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று யாரிடமும் சொல்லவில்லை. பஸ் மட்டும் திரும்ப வந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் கார் கொட்டகை வாசலில் வெயிலில் நின்றது. காலடிப் பலகைகள் இருந்த இடத்தில் இருந்தன. கன்னியப்பன் உடைந்த சக்கரத்தையும், தேய்ந்த பேரிங்குகளையும், வெட்டிய தண்டுத் துண்டையும் துணியில் முடிந்து நீட்டினார்.

"வேணாம், நீயே வச்சிக்க" என்றார் கலியபெருமாள். பிறகு, "உள்ள என்னா செஞ்சே?"

கன்னியப்பன் ஒன்றுவிடாமல் சொன்னார். சக்கரத்தை இரண்டு முறை வெட்டியது, முதலில் வெட்டியது சரியாக உட்காராதது, ராமதாஸ் மதராஸில் மூன்று கடை ஏறி இறங்கியது. கலியபெருமாள் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்காமல் நின்றார். கேட்கவேண்டிய இடங்களில் அவர் தாடை மட்டும் அசைந்தது.

ராமதாஸ் கொட்டகைக்குள் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். கலியபெருமாள் ஸ்டீரிங்கின் முன் உட்கார்ந்துகொண்டு, அவனைப் பார்க்காமல், "ஏறு" என்றார்.

ஊரைத் தாண்டி மதராஸ் சாலையில் முதல், இரண்டு, மூன்று என்று மாற்றினார். மூன்றாவதில் மேடு ஏறும்போது இன்ஜின் அலறவுமில்லை, திணறவுமில்லை. உச்சியில் நாலாவதைப் போட்டார். புளியமரங்கள் சரசரவென்று பின்னால் ஓடின. ராமதாஸ் தொப்பி போல் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

திடீரென்று கலியபெருமாள் தலையைச் சாய்த்தார். "ஒரு சத்தம் கேக்குதா?"

ராமதாஸ் கேட்டுப் பார்த்தான். "கித்தான் காத்துல அடிக்குது மாமா."

அவர் கால் பிரேக்கின் மேல் போயிற்று. இறங்கி, மண்ணில் படுத்து, அடியில் காதை வைத்துக் கேட்க வேண்டும் போலிருந்தது. வேகம் குறைந்து கார் உருளத் தொடங்கும்வரை அந்தக் கால் அங்கேயே இருந்தது. பிறகு மெல்ல ஆக்ஸிலேட்டருக்குத் திரும்பியது.

"திண்டிவனத்துல காப்பி குடிச்சிட்டுத் திரும்பலாம். உங்கக்காவுக்கு என்னா வாங்கலாம், சொல்லு" என்றார்.