பத்து மாடி மூச்சு

லிப்ட் மெக்கானிக்குக்குக் கம்பெனியில் வைத்திருந்த பெயர் கொள்ளிவாய். முப்பது வருடமாக அவர் வாயில் ஒரு நெருப்புப் பொறி இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. அவரும் அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தார். "பேய்க்குப் பயப்படறவங்க என்கூட வேலைக்கு வராதீங்கப்பா" என்பார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து மிச்ச ஜோக்கை விழுங்கிவிடும்.

சிகரெட்டை அவர் விடாமல் இல்லை. இருபது முறையாவது விட்டிருக்கிறார். ஒருமுறை மனைவியிடம் பாக்கெட்டைக் கொடுத்து ஒளித்துவைக்கச் சொன்னார். பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதே பிழைப்பாக இருப்பவரிடம் எதை ஒளிப்பது? அரை மணி நேரத்தில் தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து எடுத்துவிட்டார். இன்னொரு முறை வீராவேசமாகப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து பாக்கெட்டை வீசி எறிந்தார். கால் மணி நேரம் கழித்து அதைத் தேடிக் கீழே போனார். படியில்தான் போனார். லிப்டைப் பிரித்துப் போட்டிருந்தவர் அவரேதான்.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் கண்ணாடி முன் நின்று, "நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று தன்னையே திட்டிக்கொள்வார். திட்டு வாங்கினால் யாருக்கும் மனசு கஷ்டப்படத்தானே செய்யும்? அந்தக் கஷ்டத்தை ஆற்ற இன்னொன்று பற்றவைப்பார்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் ஆறு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, ஒண்ணு சொல்வேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு கண்ணு."

"குழந்தை பிறந்ததும் உங்க கையை மோந்து பார்ப்பேன். சிகரெட் நாத்தம் அடிச்சா தூக்கத் தர மாட்டேன். சட்டைக்கும் அதே சட்டம்தான்."

"மோப்ப நாய் வேலைக்கு எப்ப சேர்ந்த?"

மகள் சிரிக்கவில்லை. "சின்ன வயசுல இழுப்பு வந்து ராத்திரியெல்லாம் நான் திணறுவேனே, ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாபகம் இருந்தது. அப்போது பக்கத்து அறையில் யார் புகைத்துக்கொண்டிருந்தார் என்பதும் ஞாபகம் இருந்தது. அன்று முழுக்க அவர் வாயில் பகடி ஏறவில்லை.

கம்பெனி மருந்தறையில் ஒரு நர்ஸ் உண்டு. எடை பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஆறு நாற்காலிகளைப் போட்டு, செவ்வாய்தோறும் மதியச் சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் தியானம் நடத்துவாள். மெக்கானிக் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"கண்ணை மூடிக்கோங்க. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு எண். ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது மாடியில் போன வாரம் சரியாக மாட்டாமல் விட்டுவந்த பொத்தான் நினைவுக்கு வந்தது. அதிலிருந்து அந்தக் கட்டடத்துக் காவலாளி, அவனுடைய மீசை, மீசைக்குக் கீழே சிகரெட்.

"சிஸ்டர், எனக்கு நாலாவது மாடியிலேயே நின்னுடுது."

மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். நர்ஸ் சிரிக்காமல் கேட்டாள்: "லிப்ட் அப்படி நின்னா என்ன பண்ணுவீங்க?"

"கீழ இறக்கி, மறுபடி மேல அனுப்புவேன்."

"முன்னாடி அதை நல்லா நாலு திட்டு திட்டுவீங்களா?"

"லிப்டைப் போய் யாராவது திட்டுவாங்களா? அது பாவம், என்ன பண்ணும்?"

"அப்ப உங்களையும் திட்டாதீங்க சார். கீழ இறக்கி மறுபடி அனுப்புங்க."

மெக்கானிக் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருடத்தில் அவரை இவ்வளவு மரியாதையாக யாரும் லிப்டோடு ஒப்பிட்டதில்லை.

வகுப்பு முடிந்ததும் நர்ஸ் தன் விரல்களை நீட்டினாள். கிளிப்பச்சை வண்ணம் பூசிய நீளமான நகங்கள். "நான் நகம் கடிக்கிறவ. கசப்பு மருந்து தடவினாங்க, அடிச்சாங்க, ஒண்ணும் நடக்கலை. ஒருதடவை காய்ச்சல்ல கிடந்தப்ப கொஞ்சம் வளர்ந்துடுச்சு. அட, அழகா இருக்கேன்னு பார்த்தேன். அதுக்கப்புறம் கடிக்க மனசு வரலை. பயம் ரெண்டு நாள் தாங்கும் சார். சந்தோஷம்தான் கூடவே வரும். உங்களுக்கு எதுல சந்தோஷம்?"

அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம் ஆனது. நின்றுபோன லிப்டின் கதவை வெளியிலிருந்து நெம்பித் திறந்ததும் உள்ளே தெரியுமே ஒரு முகம், பயத்தில் வெளுத்து, காற்றுப் பட்டதும் மலர்கிற முகம், அதுதான். அந்த மாதிரி நூற்றுக்கணக்கான முகங்களை அவர் சேர்த்துவைத்திருந்தார், சேர்த்தோம் என்றே தெரியாமல். இழுக்கவேண்டும் என்று மார்பு பரபரத்தபோதெல்லாம் மூச்சிலேயே பத்து மாடி ஏறினார், பத்தாவது மாடியில் கதவைத் திறந்து ஒரு முகத்தைப் பார்த்தார். பார்த்து முடிப்பதற்குள் பரபரப்பு பாதி இறங்கியிருக்கும். மீதிப் பாதிக்கு இன்னொரு முறை ஏறுவார்.

பத்தொன்பதாம் நாள் ஒரு மோட்டார் எரிந்துபோய், மேலதிகாரி எல்லார் முன்னாலும் கத்தியதில், ஒன்றைப் பற்றவைத்துவிட்டார். மறுநாள் நர்ஸ் வாயைத் திறப்பதற்கு முன் அவரே சொன்னார்: "ஒரு மாடி இறங்கிடுச்சு சிஸ்டர். கயிறு ஒண்ணும் அறுந்து விழலை. மறுபடி மேல அனுப்பறேன்." கண்ணாடியில் அன்று தன் முகத்தைப் பார்த்தார். திட்டவில்லை. இருமல் இல்லாமல் ஒரு முழு ஜோக்கைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கடைசிவரை வந்தது.

பதினோராவது வாரம், வேலை நடுவில் போன் வந்தது. பேத்தி பிறந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரி வாசலில் மருமகனின் அப்பா காத்திருந்தார். பழைய புகைக் கூட்டாளி. கல்யாணப் பேச்சையே இருவரும் மாடிப்படிக்கடியில் புகைத்தபடிதான் முடித்தார்கள்.

"சம்பந்தி! தாத்தா ஆயிட்டோம்யா! வாங்க, ஒண்ணே ஒண்ணு, சந்தோஷத்துக்கு."

பாக்கெட்டின் வாசம் மூக்கில் ஏறியதும் மெக்கானிக்கின் இரண்டு விரல்களும் தாமாகவே விரிந்தன. மூன்றாவது மாடிவரை மூச்சை ஏற்றியதும் மடங்கின.

"சந்தோஷம் ஏற்கெனவே நிறைய இருக்கு சம்பந்தி. எதுக்குப் புகை மூட்டம் போடணும்? வாங்க மேல."

லிப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டியது. ஒரு குலுக்கு. நின்றுவிட்டது.

மெக்கானிக் மணியை அழுத்தினார். ஒலிபெருக்கியில் ஒரு குரல், பத்து நிமிடம் ஆகும் என்றது. கையில் ஒரு திருப்புளிகூட இல்லை. சம்பந்திக்கு நெற்றியில் வியர்வை துளிர்த்தது. பாக்கெட்டைத் திறந்தார்.

"ஒண்ணு பத்தவெச்சாதான் பதட்டம் அடங்கும்."

இந்தப் பெட்டிக்குள் ஒன்று பற்றினால் சட்டை, தலைமுடி, கை எல்லாம் நாறும். பதினோரு வாரமும் பேத்தியும் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் போய்விடும். மெக்கானிக் அவர் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, நான் தொழில்காரன் சொல்றேன், இது விழாது. கண்ணை மூடுங்க. நாம மூச்சுலயே மேல போவோம். இது ஒண்ணாவது மாடி."

"என்னய்யா, கிண்டலா?"

"கிண்டல்தான். கூடவே வாங்க. ரெண்டு."

சம்பந்தி ஐந்தாவது மாடியில் ஒருமுறை வழுக்கினார். "கொஞ்சம் இருங்க, எங்க இருக்கோம்?" என்றார். "கீழ இறங்கி மறுபடி வரலாம், அவசரம் இல்லை" என்றார் மெக்கானிக். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. இரண்டாவது முறை ஆறாவது மாடியை எட்டியபோது உண்மையான கதவு திறந்தது. வெளியே ஆஸ்பத்திரி மெக்கானிக், கையில் நெம்புகோலுடன், இவர் முகத்தைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தான். இத்தனை வருடம் வெளியிலிருந்து பார்த்த முகத்தை அன்றுதான் அவர் உள்ளேயிருந்து போட்டுப் பார்த்தார்.

மகள் சொன்னபடியே செய்தாள். வலது கை, இடது கை, சட்டைக் கழுத்து, எதையும் விடவில்லை.

"என்னப்பா இது, ஒரே கிரீஸ் நாத்தம்?"

"வேலையிலேர்ந்து நேரா வந்தேன் கண்ணு."

"போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது, சிரித்தும்விட்டாள்.

கழுவிய கைகளில் பேத்தி வந்தாள். உலகத்திலேயே சின்னக் கொட்டாவி ஒன்று விட்டாள். மெக்கானிக்குக்கு எண்ணவே தோன்றவில்லை. மூச்சு அது பாட்டுக்கு வந்து போயிற்று.

சம்பந்தி ஆசையாக இரண்டு கைகளையும் நீட்டினார். மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று மகள் தயங்கினாள். அவரே கைகளை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் இன்னும் ஆறாவது மாடியிலதாம்மா இருக்கேன்" என்றார். "வந்துடறேன்."