பேர் வெட்டிய அண்டா

‘மாமியார் சீர் சாமான் தர மாட்டேங்குது என்ன செய்ய’ என்று வில்லாபுரம் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் அடித்தேன். கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீலிடம் இதையே கேட்டபோது அவர் பாதி இங்கிலீஷிலும் பாதி செக்சன் நம்பரிலும் பேசி என்னை ஊமையாக்கி அனுப்பியிருந்தார். போனில் வந்த பக்கமோ எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதியிருந்தது. கல்யாணத்தில் உங்களுக்கென்று தந்த நகை, பாத்திரம், கட்டில் எல்லாம் உங்களுடையவை. கணவர் வீட்டில் இருந்தாலும் உங்களுடையவைதான். கேட்டும் தராமல் வைத்துக்கொள்வது குற்றம். குற்றம் என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப வாசித்ததில் என் நிறுத்தம் போய்விட்டது. அவனியாபுரத்தில் இறங்கி வில்லாபுரம் வீட்டுக்குத் திரும்ப நடந்தே வந்தேன். கால் வலிக்கவே இல்லை.

நாலு வருசம் குடும்பம் நடத்தியபின், பிள்ளை இல்லை என்று அழகுபாண்டி என்னை ஒற்றைத் துணிப்பையோடு வெளியே அனுப்பினான். பேச வேண்டியதையெல்லாம் அவன் ஆத்தா முத்துத்தாய் பேசினாள். செக்கானூரணி பஸ் ஸ்டாப் வரை என் பின்னால் ஓடி வந்தது நாத்தனார் ரோகிணி மட்டும்தான். “மதினி, சார்ஜர விட்டுட்டீகளே” என்று கையில் திணித்துவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் திரும்பி ஓடினாள்.

அந்தப் பக்கத்தில், முதலில் சாட்சி வைத்துக் கேளுங்கள் என்று போட்டிருந்தது. தாய்மாமன் மொக்கையனைக் கூட்டிக்கொண்டு போனேன். முத்துத்தாய் கதவை விரியத் திறந்துவிட்டாள்.

“உள்ள போயி பாத்துக்க. ஒம் பேரு போட்ட சாமான் ஒண்ணு கெடந்தாலும் எடுத்துட்டுப் போ. வெறுங்கையோட வந்தவளுக்கு இம்புட்டு வாயா?”

உள்ளே என்னுடையது ஒரு கரண்டிகூட இல்லை. இரண்டு நாள் கழித்து ரோகிணி தன் புகுந்த வீட்டுப் படத்தை ஸ்டேட்டஸில் போட்டாள். நான் வெளியே வந்தபின், வைகாசியில்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவளுக்குப் பின்னால் சுவரோரமாக, வெட்டிய பேர் தெரிய, என் பித்தளை அண்டா. மாமன் எனக்குச் சீர் செய்தது, கடையில் கூடவே நின்று ‘தமிழ்வாணிக்கு, தாய்மாமன் மொக்கையன்’ என்று பேர் வெட்டி வாங்கியது. மகளுக்குப் புதுசு வாங்க மனசில்லாமல் என் சீரையே புளி போட்டு விளக்கி அனுப்பியிருக்கிறாள் கிழவி. பேரைச் சுரண்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. எவள் வந்து கேட்கப் போகிறாள் என்ற இளக்காரம்.

பெண்களுக்குக் கோர்ட்டிலேயே இலவசமாக வக்கீல் கிடைப்பார் என்றும் அந்தப் பக்கத்தில் இருந்தது. போனேன். டயானா என்ற வக்கீலம்மா போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“உங்க மாமியாருக்கும் வீட்டுக்காரருக்கும் நோட்டீஸ் அனுப்புவோம்மா. அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயிராதீங்க. அது என்ன பண்ணுச்சு, பாவம்.”

சரியென்று தலையாட்டினேன். நோட்டீஸ் போனால் முத்துத்தாய் அதை அடுப்பில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவாள். அவளுக்கு வலிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது நாகமலை புதுக்கோட்டையில் வாழப் போயிருந்தது.

“வக்கீலம்மா வேணாம்னுச்சுல்ல ஆத்தா?” என்றார் மாமன், லோடு ஆட்டோவில் ஏறும்போது.

“நம்ம சாமான நாம கேக்குறோம் மாமா.”

ரோகிணியின் மாமியார் மலையம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நான் குரலை உயர்த்தவே இல்லை. என் பேரைச் சொன்னேன். அண்டாவின் கழுத்தில் என்ன வெட்டியிருக்கிறது என்று சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். உள்ளே மூடியைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு மலையம்மாள் ரோகிணியைக் கூப்பிடுகிற குரல் கேட்டது.

“அடுத்தவ சீரையா எங்க வீட்டுக்குக் குடுத்துவிட்டா ஒங்காத்தா?”

ரோகிணி வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது, பொய் சொல்வானேன். இது நாளைக்குள் செக்கானூரணி முழுக்கத் தெரிந்துவிடும். அவள் ஒரு பழைய சேலையை விரித்து, அண்டாவில் இருந்த அரிசியைச் சரித்துக் கொட்டினாள். அடியில் ஒட்டியிருந்ததை உள்ளங்கையால் கூட்டிக்கூட்டி எடுத்தாள். மலையம்மாள் அவள் தலைக்கு மேலேயே நின்றாள். ஒருத்தி தலைக்கு மேலே நிற்க அரிசி அள்ளுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“கொடம், தாம்பாளம், எல்லாத்தையும் வண்டியில ஏத்து. அப்படியே நீயும் ஏறிப் போ. ஒங்காத்தா புதுசு வாங்கிக் குடுத்தான்னா வா.”

ரோகிணி அழுவாள், கெஞ்சுவாள் என்று நினைத்தேன். உள்ளே போனாள், ஒரு துணிப்பையோடு வந்தாள். சார்ஜரை எடுத்துக்கொண்டாளா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

மெயின் ரோட்டில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். “எங்கக்கா போகணும்? வில்லாபுரமா, இல்ல இந்தப் பொண்ண விடச் செக்கானூரணியா?”

மாமன் என் முகத்தையே பார்த்தார். கண்ணாடி வழியே பின்னால் பார்த்தேன். சாமான்களுக்கு நடுவில், அண்டா உருண்டுவிடாமல் இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ரோகிணி. பேர் வெட்டிய பக்கம் அவள் முகத்துக்கு நேரே இருந்தது.