வீட்டுக்கு ஒரு பிளாஸ்க்

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ஆபீஸுக்குப் போகிற வழியில், காந்திமதிநாதன் ஜங்ஷனில் சுவிசேஷமுத்துவின் பாத்திரக்கடையில் ஏறி, சிரித்த முகத்தோடு பிளாஸ்க் இருக்கிறதா என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. சிரித்ததுதான் தப்பு. கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்கு அண்ணாச்சி சொகமில்ல?"

"யாருக்கும் ஒண்ணுமில்லையே."

"பின்ன பிளாஸ்க் எதுக்கு?"

நியாயமான கேள்விதான். இந்த ஊரில் பிளாஸ்க் வீட்டைவிட்டு வெளியே வருகிறதென்றால் அது ஆஸ்பத்திரிக்குத்தான். காப்பி குடிக்க முக்குக்கு முக்கு கடை இருக்கிறது. தண்ணீர் எந்த வாசலில் நின்று கேட்டாலும் செம்பில் வரும். அப்புறம் எதற்கு ஒருவர் அதைச் சுமக்க வேண்டும்? டவுன் பஸ்ஸில் ஒயர்கூடையும் பிளாஸ்க்குமாக யாராவது ஏறினால், உட்கார்ந்திருக்கிறவர் தானாக எழுந்து இடம் கொடுத்துவிட்டு, எந்த வார்டு என்று தணிந்த குரலில் விசாரிப்பார். காந்திமதிநாதனே எத்தனையோ தடவை அப்படி எழுந்து நின்றிருக்கிறார்.

"மலைக்குப் போறோம் வே. பாணதீர்த்த அருவிக்கு மேல, ஆபீஸ்ல ஒரு கூட்டமா. தோள்ல தொங்கப் போட்டுட்டு நடக்கணும், கனக்கக் கூடாது. ஊத்துன தண்ணி ஊத்துனபடி சில்லுனு இருக்கணும்."

"சில்லுனா? பிளாஸ்க்ல வெந்நிதான் அண்ணாச்சி ஊத்துவாவ."

"வெந்நிய ஆற விடாம வச்சிருக்குல்லா. பச்சத்தண்ணிய மட்டும் சூடாக்கிருமா?"

சுவிசேஷமுத்து யோசித்தார். பதினெட்டு வருஷமாக பிளாஸ்க் விற்கிறவரிடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. "பாத்துருவோம்" என்று ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

காந்திமதிநாதன் பொதுப்பணித்துறையில் தலைமை எழுத்தர். இருபத்தாறு வருஷமாக பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைத் தினமும் காலையில் டைப் அடித்து மேலே அனுப்புகிறவர். ஆறு எத்தனை அடி ஏறியது, எத்தனை அடி இறங்கியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அணையைத் தாண்டி அவர் கால் ஓரடிகூட வைத்ததில்லை. படம் வரைகிற பிரிவில் இருக்கிற வன்னியராஜ் வனத்துறையில் யாரையோ பிடித்து அனுமதி வாங்கியிருந்தான். தை மாசத்துக் கடைசி ஞாயிறு, பதினோரு பேர். இதைச் சாப்பிடும்போது வீட்டில் சொன்னார். பிரம்மநாயகி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அங்கன இருந்து எனக்கு ஒரு வாய் தண்ணி கொண்டாங்க. நம்ம ஊருக்கு வாரதுக்குள்ள அது வெயில் பட்டு வேற தண்ணியா ஆயிருது. அங்க எப்படிக் கெடக்கோ அப்படியே, சில்லுனு" என்றாள். சொல்லிவிட்டு மோர் எடுக்கப் போய்விட்டாள். அவருக்கு அப்புறம் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் அவள் கேட்பது இது இரண்டாவது தடவை. ஆறு வருஷத்துக்கு முன்னால், கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சித்திரை மாசம். மேலே ஃபேன் அனலைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. வெந்நீரைத் தவிர எதுவும் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நாலாவது நாள் மத்தியானம் அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு வாய் பச்சத்தண்ணி. யாருக்குத் தெரியப் போவுது" என்றாள். வராந்தாவில் மண்பானை இருந்தது. பத்து எட்டு நடந்தால் போதும். அவர் ரோஜாப்பூ போட்ட பிளாஸ்க்கைத் திறந்து, வெந்நீரை ஊற்றி, ஆற்றிக் கொடுத்தார். அவள் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டாக்டர் சொன்னதைக் கேட்டது சரிதான், அவளே பிறகு அப்படித்தான் சொன்னாள். ஆனாலும் அவள் திரும்பிப் படுத்தது அவருக்குப் பொறுக்கவில்லை, இன்றுவரை பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே அந்த பிளாஸ்க் பரணுக்குப் போயிற்று. "இனி அத எடுக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

சுவிசேஷமுத்து இரண்டை இறக்கி வைத்தார். இரண்டும் அரை லிட்டர். ஒன்று பிளாஸ்டிக் உடம்பும் உள்ளே கண்ணாடிக் குடுவையுமாக எல்லா வீட்டிலும் இருப்பது. மற்றொன்று எவர்சில்வர், உள்ளும் புறமும் ஒரே தகடாகப் பளபளவென்று இருந்தது. தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்த சரக்காம். பார்த்தால் கனக்கும் போலிருந்தது. காந்திமதிநாதனுக்கு வலது தோளில் ஒரு பிடிப்பு உண்டு. இரண்டையும் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசுக்குப் போனார்கள். கண்ணாடிதான் லேசு, ஆனால் ஐம்பது கிராம்தான். "அம்பது கிராம் என்ன, ஒரு பாக்கெட் காப்பித்தூள்" என்றார் சுவிசேஷமுத்து. அவருக்கும் இப்போது ஆர்வம் பிடித்துக்கொண்டது. எதிரே சர்பத் கடையில் ஐஸ் வாங்கி இரண்டிலும் தண்ணீரோடு போட்டு மூடி, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கு ஆபீஸில் நீர்மட்டம் இரண்டு தடவை தப்பாக டைப் ஆயிற்று. ஆறு மணிக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு இரண்டிலிருந்தும் ஒவ்வொரு மடக்கு குடித்தார். இரண்டும் பல்லைக் கூச வைத்தன. கண்ணாடி ஒரு துளி கூடுதலாகவே சில்லிட்டது. ஆக, அதுதான் லேசு, அதுதான் சில்லென்றும் இருக்கிறது. கையில் எடுத்தும் விட்டார். அப்போதுதான் அதன் வயிற்றில் இருந்த ரோஜாப்பூவைப் பார்த்தார். அதே சிவப்பு, அதே இரண்டு இலை. இதிலிருந்தா அவளுக்கு ஊற்றிக் கொடுப்பது?

"எவர்சில்வரையே குடும்."

"நானும் அதத்தான் சொல்லணும்னு இருந்தேன். பாறையில ஒரு தட்டு தட்டுனா இது உள்ளுக்குள்ள கலகலன்னுரும். அப்புறம் கண்ணாடியத்தான் குடிக்கணும். ஒண்ணு செய்யும். மொதல்ல அந்தத் தண்ணியவே ரெண்டு தடவ ஊத்திக் கொட்டிரும். பாத்திரம் குளிரணும், அதுக்குப் பெறவு ரொப்பும்."

பிளாஸ்க்கும் கையுமாகப் படி இறங்கினால் எதிரே பரமசிவன். தச்சநல்லூரில் காந்திமதிநாதன் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுக்காரர். தங்கமான மனுஷன், காது மட்டும் வாய்க்குக் கொஞ்சம் பின்தங்கி வரும்.

"என்ன அண்ணாச்சி, கையில பிளாஸ்க்?"

மலைக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பெண்டாட்டியை நினைத்துக்கொண்டு இறங்குகிறவர் வாயில் வேறென்ன வரும்? "வீட்டுக்குத்தான்" என்றார். வீடு என்றால் இங்கே சுவரும் கூரையும் மட்டுமல்ல. 'வீட்டுல கோயிலுக்குப் போயிருக்காவ' என்றால் யார் போயிருக்கிறார்கள் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பரமசிவன் முகம் தொங்கிவிட்டது.

"திரும்பவுமா?"

காந்திமதிநாதனுக்கு ஆச்சரியம். அவள் முன்னால் ஒரு தடவை தண்ணீர் கேட்டது பரமசிவனுக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். "ஆமா. ரெண்டாவது தடவை. போன தடவ மாதிரி விட்டுரக் கூடாது."

"தைரியமா இரியும். எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று பரமசிவன் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். மலை ஏறுவதற்கு இவ்வளவு அன்பாக வாழ்த்துகிற ஆள் உண்டா என்று நெகிழ்ந்துபோய் காந்திமதிநாதன் பஸ் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் முதல் பஸ். அணையில் படகு, அருவிக்கு மேலே இரண்டு மணி நேர நடை. பிளாஸ்க் தோளில் இருப்பதே தெரியவில்லை, அவ்வப்போது தொட்டுத்தான் பார்த்துக்கொண்டார். மேலே ஓரிடத்தில் ஆறு ஒரு சாதாரண வாய்க்கால் அகலத்தில், பாறைக்கும் மரவேருக்கும் நடுவே ஓடியது. இதையா இத்தனை வருஷம் அடி அடியாக டைப் அடித்தோம் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. கையை விட்டார். விரல் மரத்துப்போயிற்று. இரண்டு தடவை ஊற்றிக் கொட்டி, மூன்றாவது தடவை கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகினார். வன்னியராஜ் பாறையில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபடி, "ஆறே பக்கத்துல ஓடுது, அதப் போய்ப் பூட்டி வைக்கீரே" என்றான். திரும்பி வரும்போது பஸ்ஸில் புழுங்கித் தள்ளியது. அம்பாசமுத்திரம் தாண்டியதும் அதே வன்னியராஜ், "அண்ணாச்சி, அத இங்கிட்டுத் தாரும், ஒரு மடக்கு" என்று கையை நீட்டினான்.

"வெந்நி வே இது" என்றார். ஆபீஸில் யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற மனிதர் சொன்ன பொய் அது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் பிளாஸ்க்கைப் பார்த்துவிட்டு, எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்தாள்.

ஆறு மணிக்குத் தெருவில் திரும்பியதும் வீட்டு வாசலைப் பார்த்தார். ஏழெட்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. காலையில் நன்றாகத்தானே கதவைத் திறந்துவிட்டாள்? செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார்.

பத்தமடைப் பாயில் பரமசிவனும் அவர் சம்சாரமும் தெருக்காரர்கள் இன்னும் ஐந்தாறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ரொட்டி, ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பை சாத்துக்குடி. பிரம்மநாயகி அடுக்களையிலிருந்து காப்பித் தட்டோடு வந்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு நாலு மணியிலேருந்து சொல்லுதேன். ஒருத்தரும் நம்ப மாட்டேங்காவ. இந்தக் காப்பியக்கூட என்னையப் போடக் கூடாதுன்னுட்டாவ."

"இந்தா பிளாஸ்க்கே வந்துட்டுல்லா. எங்ககிட்ட மறைக்கணுமா மதினி?" என்றார் பரமசிவன். அவர் சம்சாரம், "அதுல வெந்நி இருந்தா எனக்கும் ஒரு வாய் தாங்க, தொண்டை கட்டிக்கெடக்கு" என்றாள்.

"வெந்நி இல்ல. பச்சத்தண்ணி. மலையிலேருந்து" என்றார் காந்திமதிநாதன். மூச்சு இன்னும் சமனாகவில்லை. விட்டு விட்டு எல்லாவற்றையும் சொன்னார். வீட்டுக்கு என்று தான் சொன்னதையும், அது எங்கே போய் நின்றதென்பதையும் அப்போதுதான் அவரே புரிந்துகொண்டார். பிறகு எல்லோருமாகச் சிரித்தார்கள், பரமசிவன்தான் அதிகம் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் அவர் குரல் மாறியது.

"பொதிக மலைத் தண்ணியா? அப்ப அது தீர்த்தம்லா."

அவ்வளவுதான். இடது கை கீழே, வலது கை மேலே, உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு அவர் நீட்ட, வரிசையாக அத்தனை கையும் நீண்டது. கோயிலில் நீட்டுகிற மாதிரி. நீட்டின கைக்குத் தீர்த்தம் இல்லையென்று சொல்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் கிடையாது. பிரம்மநாயகியே, "குடுங்க, நமக்கு என்ன" என்கிற மாதிரி தலையை அசைத்தாள். அரை லிட்டர்தான். ஆளுக்கு ஒரு உத்தரணிக் கரண்டி விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. காந்திமதிநாதனின் விரல்கள் மூடியைத் திருகவும் தொடங்கிவிட்டன.

"இல்ல" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "இது வீட்டுக்கு."

இந்தத் தடவை பரமசிவனுக்குச் சரியாகவே புரிந்தது. குழித்த கையில் ஏதோ இருந்ததுபோல அதை வேட்டியில் துடைத்துக்கொண்டு மடியில் வைத்துக்கொண்டார். மற்ற கைகளும் ஒவ்வொன்றாக இறங்கின.

அவர் எல்லோருக்கும் முன்னால் நடந்துபோய், அடுக்களை நிலைப்படியில் நின்றவள் காப்பித் தட்டைக் கீழே வைத்ததும் மூடியைக் கையில் கொடுத்து, அதில் ஊற்றினார். கொஞ்சம் தரையில் சிந்தியது. பிரம்மநாயகி இரண்டு கையாலும் மூடியைப் பிடித்துக்கொண்டாள். ஒருவர் தண்ணீர் குடிப்பதை அதற்குமுன் பார்த்ததே இல்லாத மாதிரி அந்தக் கூடம் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அவசரப்படவில்லை. ஒரு மடக்கை வாயிலேயே வைத்திருந்து, கண்ணை மூடி, பிறகு விழுங்கினாள்.

"பல்லு கூசுது" என்றாள், அவரைப் பார்த்து.

மிச்சத்தையும் குடித்துவிட்டு, வெறும் மூடியை மறுபடி அவரிடம் நீட்டினாள். அதன் வெளிப்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. ஒரு சொட்டு அவள் விரலிடுக்கில் இறங்கி, மணிக்கட்டு வழியாக ஓடி, வளையலில் போய் நின்றது.